நாளுக்கு முப்பத்திரண்டு அடி

வெள்ளம் வடிந்த பதினாறாம் நாள் காலையில், தையல்காரர் வீட்டுக்குக் கொடுத்திருந்த இருபத்தைந்து கிலோ மாவு மூட்டை வாசற்படியைத் தாண்டித் தெருவில் இரண்டடி தூரம் வந்து நின்றது. யாரும் இழுக்கவில்லை. மறுநாள் நாலடி வந்திருந்தது. தையல்காரர் தனிக்கட்டை, அந்த மாவைத் தின்று தீர்க்க அவருக்கு ஆறு மாதம் ஆகும். எதிர்ச்சாரியில் ஒன்பது பேர் இருக்கும் வீடு ஒன்று இருந்தது. மூட்டை அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. நிவாரணக் கிடங்கில் பதிவேடு எழுதிய பெண்ணுக்கு இது அப்போது தெரியாது. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி மாவு, எண்ணெய், இரண்டு போர்வை, ஒரு வாளி, ஒரு டின் பால் பவுடர், எட்டாம் நம்பர் செருப்பு ஒரு ஜோடி என்று கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தாள். எந்த வீட்டில் போய்ப் பார்த்தாலும் கையெழுத்துக்கும் பொருளுக்கும் ஒத்துவரவில்லை. அவளை யாரும் திருடி என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் சொல்வதற்கு ஏற்ற முகத்தோடு இரண்டு பேர் கிடங்கு வாசலில் நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

பூட்டுக்கு எண்ணெய் விடும் முன் அதைக் கழற்றிப் பார்க்கிற ரகம் அவள். நாற்காலியை விட்டு எழுந்து, சாக்பீஸும் தையல்காரரிடம் வாங்கிய அளவு நாடாவுமாகத் தெருவில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பொருளின் முன்னாலும் கோடு போட்டாள், மறுநாள் அளந்தாள். மூட்டை நாளுக்கு இரண்டடி. போர்வை ஒன்பது. பால் டின் இருபது. அது இரண்டு கிழட்டுப் பிரம்மச்சாரிகளின் வீட்டிலிருந்து இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனது. செருப்புகள் ஜோடியாகப் போகவில்லை, இடது கால் எப்போதும் அரையடி முந்தியிருந்தது. நகர்வது கண்ணுக்குத் தெரியாது, கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி. பக்கத்தில் காதை வைத்தால் மணல் அரைபடும் சத்தம் மட்டும் கேட்கும். பாதி வழியில் கையில் எடுத்து உதவி செய்யப்போனால் பொருளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் அது கிளம்பிய இடத்திலேயே இருக்கும், மறுபடி முதல் அடியிலிருந்து ஆரம்பிக்கும். நாலைந்து நாளில் ஊர் பழகிவிட்டது. சைக்கிள்காரர்கள் வாளிகளைச் சுற்றிப் போனார்கள்.

அவளுடைய அண்ணன் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர். இதயத்துக்கு ஒரு மாத்திரை தினம் போட வேண்டும், கையில் பதினோரு நாளுக்குத்தான் இருந்தது. நிவாரணப் பொதியில் மாத்திரை கிடையாது, பொதி எல்லோருக்கும் ஒன்று. மருந்துக்கடை திறந்திருந்தது, அலமாரி காலி. மொத்த வியாபாரியின் வேன் முப்பது பேராவது ரொக்கமாக வாங்கினால்தான் இந்தப் பக்கம் திரும்பும். ஊரில் ரொக்கம் என்பதே இல்லை. அவளுடைய சம்பளம்கூட, சம்பள ஆபீஸ் நீரில் மூழ்கிய நாளோடு நின்றிருந்தது. அந்த நேரத்தில்தான் நாலு கிலோமீட்டருக்கு அப்பால் செங்கல் சூளை முகாமிலிருந்து சேதி வந்தது. இருமல் மருந்துப் பெட்டி ஒன்றில் தவறி விழுந்திருந்த ஒரு மாத்திரை அட்டை, முகாமை விட்டு இறங்கி ஊரைப் பார்த்து வருகிறதாம். போய்ப் பார்த்தாள். அண்ணனின் மாத்திரையேதான். அளந்தாள். நாளுக்கு முப்பத்திரண்டு அடி.

அண்ணன் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமலே கணக்குப் போட்டார். "நானூத்திப் பத்து நாள்."

"உன்கிட்ட பதினோரு நாளுக்குத்தான் இருக்குண்ணா."

"அதுக்கு என்ன அவசரம் தெரியும், பாவம். நீ போய் மரியாதையா சொல்லிப் பாரேன், கொஞ்சம் ஓடி வரச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. எடை குறைந்தது வேகமாகப் போகிறது என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். அது தப்பு. ஒரு தையல் ஊசி ஒரே நாளில் தெருக்கோடி வரை போனது. ஊசியைப் போலவே எடையே இல்லாத ஒரு மூக்குக் கண்ணாடி லென்ஸ் நாளுக்கு அரையடிதான் நகர்ந்தது, ஏனென்றால் ஊர் முழுக்க அது பொருந்தும் கண் ஒன்றுதான் இருந்தது. ஊசி எல்லா வீட்டுக்கும் வேண்டும். ஆக, பொருள் தன்னால் நடக்கவில்லை, வேண்டியிருப்பவர்கள் இழுக்கிறார்கள். எத்தனை வீடு இழுக்கிறது, எவ்வளவு அவசரமாக இழுக்கிறது என்பதைப் பொறுத்தது வேகம். அண்ணனின் மாத்திரையை இழுக்க இந்த ஊரில் அண்ணன் ஒருத்தர்தான். முப்பத்திரண்டு அடி என்பது அவருடைய ஒற்றை இதயம் ஒரு நாளில் இழுக்கக்கூடிய தூரம். இது விளங்கிய மத்தியானம் அவள் கோட்டின் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரையை எண்ண ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். அண்ணனிடம் இரண்டு மாத்திரை மிச்சம். அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, நானூறு பொதியும் இடம் மாறியிருக்கிறதே என்றார். அவள் கோடுகளைக் காட்டினாள். ஒரு வாளி அவருடைய ஷூவை முட்டிக்கொண்டு நின்றது. அவர் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டுக் காலை ஒதுக்கி வழிவிட்டார். அதன் பிறகு அவருடைய குரல் தணிந்தது.

"சாமானுக்குப் பதிலா பணமாவே கொடுத்திருந்தா இவ்வளவு நடக்க வேண்டியிருக்காது சார்."

"ஏம்மா, பணத்தைக் கையில கொடுத்தா குடிச்சே தீர்த்துடுவாங்க. மாவுன்னா குடிக்க முடியாது பாருங்க."

"மாவு எழுந்து போயிடுது சார்."

பணம் தர அவருக்கு உத்தரவும் இல்லை, கணக்கில் எழுதத் தலைப்பும் இல்லை. ஆனால் கிடங்குப் பெட்டியில் லாரி வாடகைக்கு என்று வந்த தொகை தொடப்படாமல் இருந்தது. பொருள்கள் தாங்களே நடந்ததால் லாரியே தேவைப்படவில்லை. அதிலிருந்து ஒரே ஒரு நோட்டை எடுத்துக் கிடங்குப் படியில் வைக்க அனுமதி கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

நோட்டு ஊர்ந்து போகவில்லை. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் நடக்கிற வேகத்தில் போனது. வெல்டரின் வீட்டில் நுழைந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கம்பிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அதோடு மண்ணெண்ணெய் வாங்கப் போனார். அங்கிருந்து அது கிளம்பி, கொலுசு போட்ட ஒரு சிறுமி எடுத்துக்கொண்டு ஓட, தையல்காரரிடம் நூலுக்கு வந்தது. நோட்டு நடந்ததா, ஆட்கள் நடந்தார்களா என்று பின்னாலேயே போன அவளாலும் அதிகாரியாலும் சொல்ல முடியவில்லை. கையில் எடுத்தால் மற்றப் பொருள்கள் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகும். இதற்குக் கைதான் கால். மாத்திரையை ஒரு வீடு இழுக்கிறது, ஊசியை ஒரு தெரு இழுக்கிறது, இதை நானூற்றுப் பன்னிரண்டு வீடும் இழுக்கிறது. இன்னொன்றும் அவள் கவனித்தாள்: நோட்டு வீட்டைத் தேடி வருவதோடு நிற்கவில்லை, திரும்ப வெளியே போய் அந்த வீட்டுக்கு வேண்டியதைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலைக்குள், அதிகாரி மறுபடி தலையாட்ட, லாரி வாடகை நானூற்றுப் பன்னிரண்டு உறைகளாகப் பிரிந்தது. யாரிடமும் எதற்கு என்று கேட்கவில்லை. இரண்டு பேர் குடித்தார்கள், முடிவெட்டுகிறவர் ஒரு மவுத் ஆர்கன் வாங்கினார். இவை மூன்றும் பதிவேட்டில் உள்ளன. முப்பத்தேழு வீடுகள் மருந்துக்கடைக்குப் போயின. இரண்டு நாள் கழித்துப் பதினொரு மணிக்கு மொத்த வியாபாரியின் வேன் சூளைப் பாதை வழியாக ஊருக்குள் வந்தது. வழியில், சாலை ஓரத்தில் முகாமிலிருந்து முந்நூறு அடி தாண்டி வந்துகொண்டிருந்த ஒரு மாத்திரை அட்டையை அது முந்தியதாக டிரைவர் சொன்னார். அண்ணன் கடைசி மாத்திரையை அன்று காலையில்தான் போட்டிருந்தார்.

அந்த அட்டை நிற்கவில்லை. மழையில், வெயிலில், சாலைக்குத் தார் போட்ட வாரத்திலும் முப்பத்திரண்டு அடிக் கணக்குத் தவறவில்லை. நானூற்றுப் பத்தாம் நாள் அது கடிகாரக் கடை வாசலுக்கு வந்தபோது அண்ணன் கதவைத் திறந்துவைத்து, பூதக்கண்ணாடியைக் கழற்றி, எழுந்து நின்றார். தேதி காலாவதியாகியிருந்தது. அதை அவர் ரிப்பேருக்கு வந்த கடிகாரங்களின் நடுவே மாட்டிவைத்தார். இன்றும் மாதம் ஒருமுறை சுவரை விட்டு ஒரு நூலளவு அவரை நோக்கி வருகிறது. அவர் மறுபடி நேராக வைக்கிறார்.

கடையே இல்லாத மேட்டுக் குடியிருப்பில் மட்டும் உறைகள் சுற்றிச் சுற்றிக் களைத்துக் கிடங்குப் படிக்கே திரும்பின, அங்கே மாவுதான் அனுப்ப வேண்டியிருந்தது. ஊரில் அடுத்த வெள்ளத்திலிருந்து முறை இதுதான்: தண்ணீர் வடிந்த முதல் நாளே வீட்டுக்கு ஓர் உறை, எல்லோருக்கும் ஒரே அளவு, காரணம் கேட்பதில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டபோது அவள் எழுதிக் காட்டிய தலைப்பே நிலைத்துவிட்டது: போக்குவரத்து.