மிகச் சின்ன ஓட்டை

கண்ணாடிக்காரர் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஊரார் பார்வையையெல்லாம் சரி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பார்க்க ஒரு முகம் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தது ஒரே தங்கை. அவளும் அத்தி பூத்தாற்போலத்தான் வருவாள்.

வருகிறேன் என்று அவள் போனில் சொன்னதும், அவளைப் படம் எடுக்க மனிதர் அட்டைப்பெட்டியில் கேமரா செய்ய உட்கார்ந்துவிட்டார். லென்ஸே கதி என்று கிடப்பவருக்கு லென்ஸ் இல்லாத கேமராவில் ஆசை வந்ததைப் பாருங்கள். தகரத்தில் ஊசியால் ஓட்டை போட்டுப் பெட்டியில் ஒட்டினால், உள்ளே இருக்கிற போட்டோத் தாளில் படம் விழும். எந்த அளவு ஓட்டை என்பதில்தான் சூட்சுமம். பெரிதானால் படம் மங்கும். ரொம்பச் சின்னதானாலும் வெளிச்சம் சிதறி மறுபடி மங்கும். மூன்று அளவு போட்டு, முற்றத்து நாற்காலியில் தலையணையை உட்கார வைத்து எடுத்துப் பார்த்தார். நடு அளவில் உறையின் தையல்கூடத் தெரிந்தது. நாலு நிமிடம் போதும். சின்னதற்குக் கால் மணி நேரம் ஆனது, தலையணையும் பஞ்சுப் பொதியாகக் கரைந்து கிடந்தது. நடு ஓட்டைதான் என்று முடிவாயிற்று.

தங்கை காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல வந்தாள். டாக்சியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

"ரயிலுக்கு நேரமாச்சுண்ணா. எவ்வளவு நேரம் உக்காரணும்?"

நாலு நிமிஷம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"கால் மணி நேரம்," என்றார். "அசையக் கூடாது, பேசவும் கூடாது."

"கிழவியாயிடுவேன் அதுக்குள்ள," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள்.

நடுத் தகரத்தை எடுத்துவிட்டுச் சின்னதை ஒட்டி, ஓட்டையின் மூடியைத் திறந்தார். பேசக் கூடாது என்றது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்புறம்தான் உறைத்தது. ஏன் இளைத்துவிட்டாள், ராத்திரி தூங்குகிறாளா, எத்தனையோ கேட்க இருந்தது. கேட்டால் அவள் பதில் சொல்லுவாள், படம் கெடும். வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நின்றார். ஆனாலும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்கள் அவர் தேய்த்த லென்ஸ் வழியாக உலகத்தையெல்லாம் பார்ப்பார்கள். அவரை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மனம் நிறைந்துபோயிற்று.

டாக்சி ஹாரன் அடித்தது. மூடியை மூடினார். அவள் ஓடினாள்.

தாளைக் கழுவிப் பார்த்தார். தெரிந்த கதைதான். கண்ணும் மூக்கும் கரைந்து, யார் பெற்ற பிள்ளையோ என்று இருந்தது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"படம் எப்படிண்ணா வந்திருக்கு?"

"கெட்டுப்போச்சும்மா. முகமே தெரியல."

"இதுக்கா அவ்வளவு நேரம் உக்கார வச்ச? சரி விடு, நான் ஒண்ணு அனுப்புறேன்."

போனை வைத்த கையோடு படம் வந்து விழுந்தது. ரயில் ஜன்னலோரம் அவள் முகம். புருவ முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். 'நல்லா இருக்கு' என்று பதில் போட்டார். போட்டுவிட்டு அழுதார்.

எப்போது வருவாளோ. வந்தால் மறுபடியும் அந்தச் சின்ன ஓட்டைதான். ஆனால் பேசலாம் என்று சொல்லிவிட வேண்டும். படம் கெட்டால் கெடட்டும்.