வட்டப் போபில்

"பெரியப்பா, மத்த ஊர்க் கல்யாணத்துல எல்லாம் இல மாதிரி இருக்கிற பித்தளப் போபில்ல மெழுகுவத்தி ஒட்டிச் சுத்துறாங்க. நாம மட்டும் ஏன் சோத்துத் தட்டுல ஒட்டுறோம்?"

ஆறு வயதில் மாலிஸ் இப்படிக் கேட்டபோது, கல்யாணச் சமையல்காரர் யெம் அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்துகொண்டார். டூல் அம்பில் கிராமத்தில் அதற்கு உண்மையான பதில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இன்று அந்த மாலிஸுக்கே கல்யாணம். பந்தலில் மணமக்களைச் சுற்றி உறவினர்கள் வட்டமாக உட்காரத் தொடங்கியிருந்தார்கள். தட்டு கை மாறி மாறி வர வேண்டும். வாங்கியவர் ஒவ்வொருவரும் மெழுகுவத்திப் புகையை மணமக்கள் பக்கம் தள்ளி வாழ்த்த வேண்டும். அந்த நேரத்தில்தான் மாகாண அருங்காட்சியகத்திலிருந்து தியாரி என்ற பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் ஒரு புகைப்படம்.

படத்தில் இருந்தது பச்சை பூத்த வட்ட வெண்கலம். வெண்கலத்தை மெருகேற்றிச் செய்த எண்ணூறு வருஷத்துக் கண்ணாடி என்றாள். அரண்மனைப் பெண்கள் முகம் பார்த்ததாக இருக்கலாம். வெளிநாட்டில் ஒரு விதவை, கணவர் சேர்த்து வைத்திருந்ததைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பாங்காக்கில் ஒரு கடையில் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது என்ற இடம் மட்டும் பதிவேட்டில் காலி. இந்த மாதத்துக்குள் எந்த ஊர்ச் சொத்து என்று தெரியாவிட்டால், தலைநகரத்துக் கிடங்குக்குப் போய்விடும். பின்பக்கம் தேன்மெழுகு படிந்திருந்ததாலும், வட்டத் தட்டில் மெழுகுவத்தி சுற்றும் ஊர் இது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டதாலும் தேடி வந்தாளாம்.

கூட்டம் படத்தை மொய்த்தது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்த எங்கள் வட்டப் போபிலேதான் என்றார்கள் சிலர். அதைப் பொல் பாட் சிப்பாய்கள் அல்லவா தூக்கிப் போனார்கள் என்றார்கள் சிலர். சடங்கு நடத்தும் ஆச்சார் நூனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"போபில்ல போயி யாரும்மா மூஞ்சி பாப்பாங்க? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து மெழுகு ஒட்டுனதுதான் எங்களுக்குத் தெரியும்."

"அது உங்களுதுதான்னு அடையாளம் சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்றாள் தியாரி.

யாரும் இல்லை. அவள் படத்தைப் பைக்குள் வைக்கப்போனாள். யெம்மின் கையில் அகப்பை நின்றது. பேசினால், அறுபத்தெட்டு வயதில், ஊர்ச் சாமானை விற்றவன் என்ற பேர் வரும். பேசாவிட்டால் அது மறுபடியும் ஊரை விட்டுப் போகும். ஒரு முறை அனுப்பியதே போதாதா? செய்த நல்லதையும் ஒளித்து வைத்தால் அதுவும் முள்ளைப்போலத்தான் உறுத்தும். அகப்பையை வைத்துவிட்டு வந்தார்.

"மெழுகுக்கு அடியில, விளிம்புல, ஒரு வெட்டு இருக்கும்மா. மூணு நெல்லு அகலம். பொல் பாட் காலத்துல எங்கப்பா அத மண்ணுல பொதைக்கையில மம்பட்டி பட்டது."

தியாரி இன்னொரு படத்தை எடுத்தாள். மெழுகைச் சற்று விலக்கி எடுத்த படம். வெட்டு இருந்தது.

"சிப்பாய் எடுக்கல. நாந்தான் தோண்டியெடுத்து எல்லையில வித்தேன். எம்பதாம் வருஷம். அங்க வெளிநாட்டுக்காரங்க வெதநெல்லு சும்மா குடுக்குறாங்கன்னு நடந்து போனேன். நான் போயிச் சேந்தப்ப எல்லாம் குடுத்து முடிச்சுட்டாங்க. இங்க விதைக்க ஒரு மணி கெடையாது. வெட்டு தெரியாம மெழுக அப்பி, ஒரு யாவாரிகிட்ட அதக் குடுத்து ரெண்டு மூட்ட வாங்கினேன். சும்மா குடுத்தாங்கன்னு உங்ககிட்டச் சொல்லிட்டேன்."

ஆச்சார் நூன் யெம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மூட்டையில் பாதி விளைந்தது அவருடைய வயலில்தான்.

"ஏண்டா யெம், நெல்லு குடுத்த வெளிநாட்டுக்காரங்களுக்குப் புண்ணியம் சேரட்டும்னு முப்பத்தஞ்சு வருஷமா நான் வேண்டிக்கிட்டிருக்கேன். அத்தனையும் தப்பான அட்ரஸுக்குப் போயிருக்கு."

முதலில் சிரித்தது மணப்பெண். மணப்பெண் பல் தெரியச் சிரிக்கலாமா என்று அவள் அத்தை அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள். பந்தலே குலுங்கியது.

தியாரி காலி இடத்தில் யெம்மின் பெயரை எழுதப்போனபோது ஆச்சார் தடுத்தார். ஒருவன் விற்றான் என்று எழுதாதே. விதைநெல்லுக்காக ஊரார் கொடுத்தார்கள் என்று எழுது என்றார். அடியில் ஊரே கைநாட்டு வைத்தது. பிறகு அந்தச் சோற்றுத் தட்டு சுற்றி வந்தது. யெம்மையும் அடுப்படியிலிருந்து இழுத்து வட்டத்தில் உட்கார வைத்தார்கள். புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

கண்ணாடி மாகாண அருங்காட்சியகத்திலேயே தங்கியது. மழை பிடித்தது. பக்கத்து ஊர்களில் அடுத்தடுத்துச் சமையல் வேலை வந்ததால் யெம்மின் நாற்று முற்றிக்கொண்டே போனது. கடைசிப் பந்தியை முடித்துவிட்டு, ஒரு காலையில், இனிப் பிடுங்கி நட்டால் தேறுமா என்ற கவலையோடு வயலுக்குப் போனார்.

நாற்றங்கால் காலியாக இருந்தது. வயல் முழுக்க, நூல் பிடித்ததுபோல, நடவு முடிந்திருந்தது. சேற்றில் பெரியதும் சிறியதுமாக எத்தனையோ கால்தடங்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓர் ஆளும் இல்லை.