கெளுத்தி குத்திய இடம்

ஒன்பது மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கை மரத்துப்போன பொன்னுரங்கத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கவாதம், நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். ஏழு மாதமாகியும் அவர் மனைவி லோகநாயகிக்கு அந்த ஒன்பது மணி நேரம் ஆறவில்லை.

அதைத் தின்றவன் அவள் கொழுந்தன் தருமன். அன்று அவர்களுடைய பாடு. ஊர் முறை வைத்து ஒதுக்கும் இடத்தில் ஏரியில் வலை போடும் நாள். தவறினால் அடுத்த முறைவரை காத்துக்கிடக்க வேண்டும். அண்ணன் கையைக் கெளுத்தி மீன் குத்திவிட்டது என்று, அவரைப் படகில் ஓரமாக உட்காரவைத்துவிட்டு மதியம்வரை வலை இழுத்தான் தருமன். கெளுத்தி முள் ஏறினால் கை மரக்கும், கடுக்கும், தானே அடங்கும். கரையேறிய பின்னும் வெந்நீரில் கையை ஊறவைத்தான். வாய் கோணிய பிறகுதான் ஆட்டோ தேடினான்.

பேச்சு மெல்லத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. முழங்கை மடங்கி, கட்டை விரல் உள்ளே போய், மற்ற விரல்கள் அதன்மேல் இறுகிவிட்டன. நகம் வெட்டவே இரண்டு பேர் வேண்டும்.

பாடு முறையில் தருமனுக்கு இனி பங்கு கூடாது என்று இன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் லோகநாயகி கேட்கப்போகிறாள். அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தெரிந்துதான் கேட்கிறாள். பொன்னுரங்கம் தலையாட்டினால் முடிந்தது.

பழவேற்காட்டில் மலீஹா தன் வீட்டு முன்னறையில் அக்குபங்சர் பார்க்கிறாள். பிசியோதெரபியை நிறுத்தக் கூடாது, ஊசி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பயிற்சி செய்யச் சுலபம், அவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இன்றும் அண்ணனை ஆட்டோவிலிருந்து தாங்கி இறக்கியவன் தருமன்தான். அதற்கும் திட்டு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

மலீஹா முழங்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு என்று ஊசிகளைச் செருகிவிட்டுக் காத்திருந்தாள். சற்று நேரத்தில் விரல்கள் லேசாகத் தளர்ந்தன. முதன்முறையாகக் கட்டை விரலை வெளியே எடுத்து, அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதையை அடுத்த ஊசிக்காகத் துடைத்தாள்.

“அங்க வேணாம்மா. கெளுத்தி குத்துன எடம் அது.” வாசலுக்குக் கேட்கட்டும் என்று லோகநாயகி குரலை உயர்த்தினாள். “மனுசன வெந்நீர்ல ஊறப்போட்டு வேடிக்க பாத்தாங்களே, அந்த எடம்.”

அமுக்கினால் வலிக்கிறதா என்று மலீஹா பொன்னுரங்கத்திடம் கேட்டாள். அவருக்கும் சேர்த்து லோகநாயகியே பேசினாள். கூடப்பிறந்தவனைவிட மீன்தான் பெரிதாகப் போனதே என்றாள். கூட்டத்தில் அவனைத் தலைநிமிர விடப்போவதில்லை என்றாள்.

ஆட்டோ பார்த்து வருவதாக வாசலிலிருந்து தருமன் முனகினான்.

“இன்னா அவசரம் தொரைக்கு? அன்னிக்கு எங்க போச்சு இந்த அவசரம்?”

தருமன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். பொன்னுரங்கம் இடது கையால் லோகநாயகியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அவன வுட்ரு, லோகா.” நாக்கு தடுக்கியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு தொடர்ந்தார். “கரைக்குத் திரும்பலாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. படகு ஏறும்போதே கை மரத்துப்போயிருந்துச்சு. சொன்னா பாடு போயிடும்னு அவன்கிட்ட பொய் சொன்னேன். என்ன எந்தக் கெளுத்தியும் குத்தல.”