மிச்சம் இரண்டு படி

ஜெஜூரி மலைமேல் இருக்கும் கண்டோபா சாமியைப் பார்க்க வருகிற புது மாப்பிள்ளை, பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து படியாவது ஏற வேண்டும். லோணந்த் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் ஞானோபா, இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு மூன்றாவது படியிலேயே அனுசயாவைக் கீழே போட்டுவிட்டார். மூட்டை சிரிக்காது, இவள் சிரித்தாள். அதனால்தான் என்று இன்றுவரை மண்டியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவரும் நம்பியதில்லை.

போன வாரம் புனே டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிடிச்சதக் குடுங்க" என்றார். பிடித்தது எதுவும் அனுசயாவின் தொண்டையில் இறங்கவில்லை.

"அந்த ரெண்டு படி மிச்சம் இருக்கே, அதக் குடுங்க" என்றாள்.

ஜெஜூரியில் மூன்றாவது படிவரை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறினாள். மஞ்சள்பொடி விற்கிறவள் சும்மா விடவில்லை. "என்ன மாமா, புதுப்பொண்ணா?"

"பழசுதாம்மா. பாதியில நின்ன வேலை."

"பாத்துத் தூக்குங்க, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்றாள் அனுசயா. "நேத்து ரெண்டு சோள ரொட்டி தின்னுருக்கேன்."

அந்த இரண்டு ரொட்டியையும் அவர் மாட்டுத்தொட்டியில் பார்த்திருந்தார்.

தூக்கினார். கை தானாக எடை போட்டது: முப்பத்திரண்டு கிலோ. கல்யாணத்தன்று ஐம்பத்தெட்டு. முப்பத்திரண்டுக்கெல்லாம் மண்டியில் ஆள் கூப்பிட மாட்டார்கள். முதலாளியே தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

"யம்மா!" என்று அலறினார். "என்னடி இது, கல்லு மாதிரி கனக்குற!"

"சாக்கு சொல்லாம ஏறுங்க, சோம்பேறி!" அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

முழங்காலை நடுங்கவிட்டு, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கி நான்காவது படியில் ஏறினார். பக்கத்தில் ஒரு புது மாப்பிள்ளை நிஜமாகவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதைத் திருத்திக்கொண்டார். ஐந்தாவது படி. "யெள்கோட் யெள்கோட், ஜய் மல்ஹார்!" என்று கண்டோபாவுக்குக் கோஷம் போட்டு யாரோ மஞ்சளை வாரி இறைத்தார்கள்.

"அஞ்சு ஆச்சு. இறக்குங்க."

"நாலுதான் ஆச்சு."

"எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

மேலே ஏறினார். அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முப்பது படி தாண்டியிருக்கும், காதோரம் மெல்லச் சொன்னாள்.

"என்னங்க... மூச்சு வாங்க மறந்துட்டீங்க."

உடனே வாங்கினார். நிறுத்தத்தான் முடியவில்லை.