உள்ளே இருந்த குழாய்

என் வீட்டுக்காரருக்கு ப்ளம்பிங் வேலை. எவன் வீட்டுல குழாய் அடைச்சாலும் ஓடுவாரு. தன் உடம்புக்குள்ள அடைச்சப்ப மட்டும் வாயுப் பிடிப்புன்னு சொல்லிக்கிட்டு சுருண்டு கிடந்தாரு. ஆஸ்பத்திரிக்கு தரதரன்னு இழுத்துட்டுப் போனது நான்தான். ஒரு கிட்னி எப்பவோ சுருங்கிப் போச்சாம். மிச்சமிருக்கிற ஒண்ணுலதான் கல்லு.

கத்தி வைக்கல, தையல் போடல. சிறுநீர் போற வழியாவே மெல்லிசா ஒரு கருவியை விட்டு, கல்லைப் பொடியாக்கி எடுத்துட்டாங்க. மறுநாளே வீடு. பாக்க வந்த அவரோட அக்கா சட்டையைத் தூக்கிப் பாத்துட்டு, "காயமே இல்லையே, நெசமாவே ஆபரேஷன் பண்ணாங்களா?"ன்னு என்னை முறைச்சாங்க. ஏதோ நான் ஆபரேஷன்னு பொய் சொல்லி ஏமாத்தின மாதிரி!

வீக்கம் வடியற வரைக்கும் உள்ள ஒரு சின்னக் குழாய் வச்சிருக்கோம், மூணு வாரத்துல வந்து எடுத்துக்கணும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. மனுஷன் கேட்டாத்தானே?

"குழாய் இருந்தா இனிமே அடைக்காதுல்ல? நல்லா ஓடுற லைனை எவனாவது கழட்டுவானா? நீ சும்மா இரு. குழாயோடயே குடும்பம் நடத்துறவன் நான்."

"அப்ப நான் யாரு?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு வேலைக்குப் போயிட்டாரு.

மாசம் ரெண்டாச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தா கட் பண்ணாரு. விட்டு வச்சா உப்பு படிஞ்சு குழாயே கல்லாயிடும், கிட்னி போயிடும்னு நர்சம்மா என் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னதை அவருகிட்ட சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், பேசாம இருந்து பாத்தேன். ம்ஹூம். வலி இல்லைன்னா அவருக்கு நோயே இல்ல.

ஒரு நாள் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"எங்க போன?"

"ரத்தம் குடுத்துப் பாத்தேன். உங்க குரூப்தானாம்."

"எதுக்கு?"

"இருக்கறது ஒரே கிட்னி. அதுவும் போச்சுன்னா என்னோடதுல ஒண்ணு குடுக்கணும்ல. இப்பவே விசாரிச்சு வச்சுட்டேன்."

மிரட்டப் பாத்தேன்னு நெனைக்காதீங்க. நெசமாவே குடுக்கத்தான் போனேன்.

அவரு கை தட்டுலயே நின்னு போச்சு. "உன்னை அறுக்க விடுவேனாடி நான்? பைத்தியமே!"ன்னு கத்தினாரு. தண்ணிகூடக் குடிக்கல, கையைக் கழுவிட்டு சட்டையை மாட்டினாரு. "என்ன பாக்குற? கிளம்பு."

ஆஸ்பத்திரியில எடுத்த குழாய்ல உப்பு படிய ஆரம்பிச்சிருந்துச்சு. நல்லவேளை, கிட்னிக்கு ஒண்ணும் ஆகலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவரு அந்தக் குழாயைத் திரும்பிக்கூடப் பாக்கல.

"அப்ப இவளோடது வேண்டாம்தானே டாக்டரம்மா?"ன்னு கேட்டாரு.

வழி நெடுக திட்டித் தீர்க்கணும்னு இருந்தேன். அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.