ஆமை பேசும் பாதி

வீடியோ கேம் ஆடிப் பார்த்து, படக்கதைப் புத்தகம் படித்துப் பார்த்து, எது நல்லது எது சொத்தை என்று பத்திரிகைகளுக்கு எழுதுகிற ஒருத்தியைப் பற்றிச் சொல்லப்போகிறேன், கண்ணுகளா. அவளுக்கு ஆபீஸ் கிடையாது, மேனேஜர் கிடையாது. யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு எழுதுவாள். ஹாலில் டிவிக்கு முன்னால் ஒரு முக்காலி. அதுதான் அவள் வேலை பார்க்கிற இடம். பக்கத்து நாற்காலியில் மாமனார்.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "மருமக என்ன வேலை பண்றா?" என்று யாராவது கேட்டால் "பத்திரிகைக்கு எழுதறா" என்பார். "எதைப் பத்தி?" என்று தோண்டினால், "அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று வாயை அடைத்துவிடுவார். ஆனால் மகன் வேலைக்குக் கிளம்பின கையோடு முதல் ஆளாக வந்து உட்காருகிறவரும் அவர்தான். அவள் விமர்சனம் எழுதி முடித்த படக்கதைப் புத்தகங்களெல்லாம் அவர் தலையணைக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

இந்தத் தடவை வந்தது பெரிய பத்திரிகை. இத்தனை வருஷமாகக் கதவைத் தட்டி, இப்போதுதான் திறந்திருந்தது. எழுத வேண்டியது ஒரு புது கேமைப் பற்றி. அக்கா தங்கை இரண்டு பேர் வீட்டிலேயே உட்கார்ந்து செய்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஊருக்குள் ஒரு சின்னப் பெண் படகு ஓட்டிக்கொண்டு போகிறாள். தண்ணீரில் விழுந்தால் ஒரு கிழட்டு ஆமை வரும். முதுகில் ஏற்றிக் கரையில் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். மறுபடி அங்கிருந்தே ஆட வேண்டும்.

நடுவில் ஒரு பாலம். பாலத்தடியில் ஒரு பெரிய முதலை. அங்கேதான் நம்ம ஆள் மாட்டிக்கொண்டாள். விழுவாள், எழுவாள், மறுபடி விழுவாள்.

"செத்தேன்" என்பாள் ஒவ்வொரு தடவையும்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்பார் மாமனார். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் அவள் கட்டை விரல் வீங்கி, அதை ஊதிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தார். மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் முகம் கழுவப் போன நேரம். முதல் நாள் இதே கேமில் அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, "உங்களுக்கு இதுதான் மாமா" என்று செட்டிங்ஸில் 'எளிது' என்று ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தாள். அந்த இடம் அவருக்கு நினைவிருந்தது. போனார், மாற்றினார், நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த ஆட்டத்திலேயே முதலை மல்லாந்தது. அவள் முக்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, "மாமா! பார்த்தீங்களா, கை பழகிடுச்சு!" என்றாள். அவருக்கும் வயிறு குளிர்ந்துபோயிற்று. மிச்ச கேமைச் சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி ஒரு தடவைகூட விழாமல் முடித்துவிட்டாள்.

கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. காலையில் பத்திரிகை ஆசிரியைக்குப் போனில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"பாலம் தாண்டிய பிறகு ஆட்டத்தில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. செய்தவர்களுக்கே பாதியில் அலுத்துவிட்டது என்று தெரிகிறது."

துண்டு மடித்த கை அப்படியே நின்றது. எத்தனை வருஷம் பஸ் ஓட்டினவர்! பள்ளம் ரோட்டில் இருக்கும், திட்டு டிரைவருக்கு விழும். அது எப்படி இருக்கும் என்று அவருக்கா தெரியாது?

போனை வைத்ததும் பக்கத்தில் வந்தார். "அம்மாடி, அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல மாமா. ஒரு தடவை படிச்சிட்டு அனுப்பணும்."

"அனுப்பாதே. அவங்களுக்கு ஒண்ணும் அலுக்கலை. எனக்குத்தான் பொறுக்கலை." மென்று முழுங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. லேப்டாப்பை மெதுவாக மூடினாள். "நிஜமாவே என் கை பழகிடுச்சுன்னு நினைச்சேனே மாமா" என்றாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஆசிரியைக்கு மறுபடி போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"எல்லாச் சாக்கும் கேட்டிருக்கேன். மாமனார் சாக்கு இதுதான் முதல் தடவை" என்றாள் ஆசிரியை. "நாளைக்குக் காலையில என் கையில இருக்கணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அடுத்த தடவைன்னு ஒண்ணை எதிர்பார்க்காதே."

சத்தமில்லாமல் நழுவப் பார்த்த மாமனாரை அவள் விடவில்லை. "எங்கே போறீங்க? உட்காருங்க. நான் விழறதை முழுசாப் பார்க்கணும். கண்ணை மூடினா இன்னிக்கு டீ கிடையாது."

பழைய கஷ்டத்துக்கே மாற்றி, பாலத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலை லேசில் விடவில்லை. ஆனாலும், பாருங்கள், ஒரு வழியாகத் தாண்டிவிட்டாள். கை கொஞ்சம் பழகித்தான் இருந்தது. பாலத்துக்கு அப்புறம் சுழல். படகு கவிழ்ந்தது.

"செத்தேன்."

ஆமை வந்தது. முதுகில் ஏற்றியது. கரைக்குப் போகிற வழியில் திரையில் எழுத்து ஓடியது. 'நீ கனமே இல்லை. முன்பு ஒருத்தியைச் சுமந்தேன். அவளை நழுவ விட்டுவிட்டேன்.'

இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இது பேசுமா?"

"தெரியலையே மாமா. அன்னிக்குப் பாலம் தாண்டினப்புறம் நான் விழவே இல்லையே!"

மறுபடி விழுந்தாள். 'அன்றிலிருந்து நான் தண்ணீருக்கு அடியில் தூங்குவதில்லை' என்றது ஆமை. ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு வாய்க் கதை. அந்த அக்கா தங்கை தங்கள் மனசை முழுக்க அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார்கள். விழாதவர்கள் கண்ணில் அது படவே படாது.

அவள் லேப்டாப்பைத் திறந்து காலையில் வாசித்த பத்தியை அழித்தாள். அந்த இடத்தில், "தயவுசெய்து இந்த ஆட்டத்தில் தோற்றுப் போங்கள்" என்று எழுதினாள். கட்டுரை இனி எப்படிப் போகும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி கன்ட்ரோலரை எடுத்தாள்.

இந்த முறை சுழலைச் சுற்றிக்கொண்டு படகு அழகாகப் போயிற்று. கரை கிட்டத்தில் வந்துவிட்டது. மாமனார் நாற்காலி விளிம்புக்கு வந்து, தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா..."

"என்ன மாமா?"

"நல்லாத்தான் ஓட்டறே. குறை சொல்லலை. ஆனா..." அவள் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் ஒரே ஒரு தடவை விழேன். நழுவ விட்ட பொண்ணு யாருன்னு அது இன்னும் சொல்லலை" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே விரலைத் தளர்த்தினாள்.