பெயரில்லாத அட்டை

சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தனகோட்டி, கழுத்து நிறைய மாலையோடு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து இறங்கிய சாயங்காலம். மாலையைக் கழற்றி டிவியின் மூலையில் மாட்டினார். அவரோடு ஷிஃப்ட் பார்த்தவர்களால் கூடம் நிறைந்துவிட்டது.

லேப்டாப்பை டிவியோடு இணைத்த மகள் தமிழ்நிலா, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கோடா தட்டோடு சமையலறை வாசலில் நின்ற தனத்தின் முகத்தில் புதுப்பெண்ணின் கலவரம்.

காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துகளை எல்லாம் ஒரே கோப்பில் ஒட்டி, ஆளுக்கொரு அட்டையாக டிவியில் வரும்படி ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தாள் தமிழ்நிலா. ஒவ்வொரு வாழ்த்தும் ‘பெயர்’ என்ற வரியோடு தொடங்கும். அடுத்ததற்கு முன் ஒரு வெற்று வரி. வெற்று வரி வரும் இடமெல்லாம் வெட்டு என்று, அந்த இடங்களைத் தேடிப் பிடிக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அவ்வளவுதான். அதிகாரி முதலில், கான்ட்ராக்ட் ஆள் கடைசியில் என்று யாருக்கும் மனக்குறை வரக்கூடாதென்று அட்டைகளைக் கலைத்துப் போடவும் சொல்லியிருந்தாள்.

அம்மா மட்டும் எழுத மறுத்தாள். புருஷனிடம் தனியாகக்கூடச் சொல்லாததை ஊர் முன்னால் சொல்வதா? இன்று காலையில்தான் மனசு மாறி போனில் டைப் செய்து கொடுத்தாள். “யாரும் சிரிக்கிற மாதிரி பண்ணிடாதடி.” அதைக் கோப்பின் கடைசியில் ஒட்டியதோடு சரி, தமிழ்நிலா நிரலை மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை.

அட்டைகள் ஓடத் தொடங்கின. அப்பாவோடு ஷிஃப்ட் பார்த்த சைபுல்லாவின் வாழ்த்துக்குக் கூடம் சிரிப்பில் குலுங்கியது. அடுத்த அட்டையில் பெயரே இல்லை.

‘மொத ஷிஃப்டுக்குப் போறப்ப, நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு கதவ மெதுவா சாத்துவீங்க. நான் ஒரு நாளும் தூங்கினதில்ல.’

“யார்ரா இது? அண்ணன் கதவு சாத்தறத கேட்டுக்கினு படுத்திருந்தது!” சைபுல்லா தொடையைத் தட்டினார். “சொல்லுண்ணே, எந்த ஷிஃப்ட்டு ஆளு?”

சிரிப்பு வெடித்தது. தனத்தின் கையில் தட்டு தாழ்ந்தது.

தமிழ்நிலாவுக்குச் சட்டென்று புரிந்தது. அம்மா ஒரே மூச்சில் எழுதவில்லை. சொல்லத் தயங்கிய இடத்திலெல்லாம் ஒரு வரி விட்டிருந்தாள். அந்தத் தயக்கங்களிலெல்லாம் நிரல் வெட்டி, பெயரில்லாத தனித்தனி அட்டைகளாக்கிவிட்டது.

“தப்பு என்னுது மாமா, ஒரு நிமிஷம்” என்று லேப்டாப்பின் மேல் குனிந்து, நிரலின் கட்டளையை மாற்றினாள். வெற்று வரியில் வெட்டாதே. ‘பெயர்’ என்று தொடங்கும் வரிக்கு முன்னால் மட்டும் வெட்டு, வெட்டும்போது அந்தப் பெயர் வரியையே விழுங்கிவிடாதே. மாற்றம் ஒரே வரிதான்.

அதற்குள் தனகோட்டி எழுந்துவிட்டார். “எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும் சைபு. அந்தக் கதவு சத்தம் இந்த வூட்ல ஒருத்தருக்குத்தான் கேக்கும். உன் வூட்ல உனக்கு இப்பிடி எழுதித் தருவாங்களான்னு கேட்டுக்கினு வந்து அப்புறம் சிரி.”

அம்மாவின் அட்டை இப்போது முழுசாக வந்தது, இடைவெளிகளோடு, மேலே ‘தனம்’ என்ற பெயரோடு. தனகோட்டி கண்ணாடியை மாட்டி, உரக்க, ஒவ்வொரு இடைவெளியிலும் நின்று நின்று படித்தார். கடைசி வரியைத் தனத்தின் பக்கம் திரும்பிப் படித்தார்.

‘நாளையிலேர்ந்து எங்க போனாலும் சத்தமா சொல்லிட்டுப் போங்க.’

“அண்ணி, தோத்துட்டேன்” என்று கைகூப்பினார் சைபுல்லா.

“பாப்பா, டிவிய அணைக்காத” என்றார் தனகோட்டி. “ரெண்டாம் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களும் பாக்கட்டும். என் பொண்டாட்டி எழுதினது, என் பொண்ணு காட்டறது.”

“போதும் போங்க” என்று முணுமுணுத்த தனம், தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, டிவியில் தன் பெயரைப் பாதி மறைத்திருந்த மாலையை ஓரமாக நகர்த்தி மாட்டினாள்.